சிறிய காமிராவின் நிறையும் குறையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியம் மணக்கும் இம்மேடையில் காமிராவைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கின்றார்கள். புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் அவையிலே, பத்தாம் வகுப்பளவே படித்து இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம் என்ன சொல்லிவிடப் போகின்றோம்? எனினும், ஒளிப்படக் கலையில் பல்லாண்டுகளாக ஈடுபாடு கொண்டு, நூல்களிற் படித்ததையும் கருவிகளைக் கையாண்டு அறிந்ததையும் உங்கள் முன் வைப்பது கடமையெனக் கருதி இசைந்தோம்.

இப்பொருளை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. உயர்ந்த விலையுள்ள சிறிய காமிரா ஒன்றைச் சங்கம் வாங்க வேண்டுமென்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர். பெரியோர் சிலரோ, "கைக்குக் கை செல்பேசி இருக்க, மற்றொரு கருவி எதற்கு? அந்தத் தொகைக்கு எத்தனை பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம்!" என்று வினவுகின்றனர். இரு தரப்பிலும் நியாயம் இருக்கின்றது. வழக்கைத் தீர்க்க வேண்டுமாயின் பொருளின் தன்மையை முதலில் அறிதல் வேண்டும்.

வேறோர் ஊரில் இது பொழுதுபோக்குப் பற்றிய பேச்சாக முடிந்துவிடும். நம் தங்கவயலில் அப்படியன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கைக்கொண்ட சுரங்கத் தொழில், 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாளோடு நின்றது. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலே நம்மவர் உழைத்தனர். அவர்களிற் பலர் இன்றில்லை. இருப்பவர்களும் முதுமை எய்திவிட்டனர். லைன் வீடுகளின் சுவர்கள் சரிகின்றன. சுரங்க வாயிலின் இரும்புக் கோபுரங்கள் துருவேறுகின்றன. அத்தொழிலாளர் குடும்பங்களில் திருமணத்தன்று ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படத்தைத் தவிர வேறு படமில்லாத வீடுகள் எத்தனையோ! ஆகவே, எந்தக் கருவியால் எதைப் பதிவு செய்வது என்பது நமக்கு வீண் ஆராய்ச்சியன்று. காலம் கடந்தால் கிட்டாத ஒன்றைப் பற்றிய பேச்சு.

இனி, சிறிய காமிரா என்பது யாது? மலிவான விளையாட்டுக் கருவியை நாம் குறிக்கவில்லை. அளவில் சிறியதாய், லென்ஸைக் கழற்ற இயலாததாய், ஆனால் உள்ளிருக்கும் உறுப்புகளால் பெரிய காமிராவுக்கு ஈடுகொடுப்பதாய் அமைந்த கருவியையே குறிக்கின்றோம்.

இதன் வரலாறு நூறாண்டு பழைமையுடையது. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் தொழிலகத்திலே ஆஸ்கார் பர்னாக் என்றொரு பொறியாளர் இருந்தார். உடல்நலம் குன்றிய அவர்க்குக் கண்ணாடித் தகடுகளும் முக்காலியும் சுமந்து மலையேறுதல் இயலவில்லை என்பர். திரைப்படத்துக்குரிய 35 மில்லிமீட்டர்ப் பிலிமைக் கொண்டு, சட்டைப் பையில் அடங்கத்தக்க கருவியொன்றை அவர் முதல் உலகப் போருக்கு முன்னரே செய்து பார்த்தார். அதுவே 1925ஆம் ஆண்டில் 'லைக்கா' என்னும் பெயரோடு லைப்சிக் பொருட்காட்சியில் வெளிவந்தது. "சுமை குறைந்தால் போகுமிடம் பெருகும்" என்ற கருத்தே சிறிய காமிராவின் உயிர்.

1966இல் ஹைன்ஸ் வாஸ்க்கே வடிவமைத்த 'ரோலை 35' அக்கருத்தை மேலும் சுருக்கி உள்ளங்கையில் வைத்தது. 1979இல் ஜப்பானியராகிய மைதானி வகுத்த 'ஒலிம்பஸ் எக்ஸ்.ஏ.' நகரும் மூடியோடு வந்தது. 1990இல் 'கான்டாக்ஸ் டி2', 1996இல் 'ரிகோ ஜி.ஆர்.1' முதலியவை சிறுமையையே செல்வர்க்குரிய சிறப்பாக்கின.

அக்காலத்தில் நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் அறிந்தது 'அக்பா கிளிக் 3' போன்ற எளிய பெட்டிதான். ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டுக்கும் பதின்மூன்று முறை யோசிக்க வேண்டும். நம் அண்டை நீலகிரியிலே, உதகையில், 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்னும் பெயரில் பிலிம் தந்தது. அத்தொழிற்சாலையும் தங்கச் சுரங்கத்தைப் போலவே மூடப்பட்டு இன்று பழங்கதையாகிவிட்டது.

பிலிம் போய் எண்ணியல் முறை வந்தது. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010ஆம் ஆண்டில் லென்ஸ் கழற்ற இயலாத காமிராக்கள் பத்துக் கோடிக்கு மேல் ஆலைகளிலிருந்து வெளிச்சென்றன. 2023ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழப் பதினேழு லட்சமே. செல்பேசி அந்தச் சந்தையை விழுங்கிவிட்டது. மலிவான சிறு காமிராக்கள் மறைந்தன. செல்பேசியால் ஆகாததைச் செய்யவல்ல உயர்ந்த வகைகளே எஞ்சின. 2011இல் விற்பனைக்கு வந்த புஜி எக்ஸ்100 வரிசை, 2012இல் தொடங்கிய சோனி ஆர்.எக்ஸ்.100 வரிசை, 2013இல் பெரிய உணரியோடு புத்துருப் பெற்ற ரிகோ ஜி.ஆர். வரிசை ஆகிய மூன்றும் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டுகள். லைக்காவின் 'கியூ' வரிசையும் உண்டு. 2023இல் வந்த 'கியூ 3' ஆறாயிரம் டாலரை நெருங்கிய விலையோடு வெளிவந்தது. அதைத் தொலைவிலிருந்தே வணங்கிவிட்டு மேலே செல்வோம்.

முதலில் நிறைகளைக் காண்போம்.

முதல் நிறை ஒளியுணரியின் பரப்பு. பிலிம் இருந்த இடத்தில் இன்று இருப்பது சென்சார் எனப்படும் ஒளியுணரி. மழை நீரைப் பிடிக்கச் செம்பும் வைக்கலாம், அண்டாவும் வைக்கலாம். வாய் அகன்றதில் நீர் மிகுதியாய்ச் சேரும். ஒளியும் அவ்வாறே. பழைய மலிவுக் காமிராக்களின் உணரி ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். பெரும்பாலான செல்பேசிகளில் அது இன்றும் 100 சதுர மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. 'ஒரு அங்குலம்' எனப்படும் ஆர்.எக்ஸ்.100இன் உணரி 116, ஜி.ஆர்., எக்ஸ்100 ஆகியவற்றின் ஏ.பி.எஸ்.-சி வகை உணரி ஏறத்தாழ 366. முழுச் சட்டகம் எனப்படும் 35 மில்லிமீட்டர்ப் பிலிமின் பரப்பு 864. ஒரு செய்தியை இங்கே நினைவில் நிறுத்துக: 'ஒரு அங்குலம்' என்பது வெறும் பெயர், அளந்தால் அகலம் 13.2 மில்லிமீட்டரே. பெயரைக் கண்டு மயங்காமல் அளவைக் கேட்டல் வேண்டும்.

விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் வண்டியை எண்ணிப் பாருங்கள். உறக்கம் கலையாத முகங்கள், மங்கிய விளக்கு, சோற்றுப் பைகள். சுரங்கம் மூடிய பின் இவ்வூரின் வாழ்வு அந்த வண்டியில் அன்றோ ஏறிச் செல்கின்றது! அம்மங்கலில் முகத்தின் வரிகள் கரையாமல் நிற்க வேண்டுமாயின் உணரி பெரிதாதல் வேண்டும். செல்பேசி பல படங்களை நொடியில் எடுத்து, கணக்குப் போட்டு ஒன்றாக்கிக் குறையை மறைக்கின்றது. அசையாத பொருளுக்கு அது நன்று. அசையும் முகத்திற்கோ, மெழுகு பூசியது போன்ற தோற்றம் வந்துவிடுகின்றது.

இரண்டாம் நிறை, உடன் வருதல். ஜி.ஆர். 3 பாட்டரியோடு 257 கிராம், ஆர்.எக்ஸ்.100இன் முதல் வகை 240 கிராம். இவற்றை அலுவலகப் பையில் சோற்றுப் பெட்டியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள்தோறும் செல்லலாம். பெரிய காமிரா வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்க, படம் தெருவில் நடந்து போய்விடும்.

மூன்றாம் நிறை, அடக்கம். எக்ஸ்100, ஜி.ஆர். போன்றவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ்போல் அமைந்திருக்கின்றது. ஓசை மிகச் சிறிது. பாட்டுக் கச்சேரியிலும், இழவு வீட்டிலும், முதியவர் கண்கலங்கப் பழங்கதை கூறும்போதும், 'சடக்' என்ற ஒலி எழாதிருப்பது நாகரிகம். மேலும், பெரிய லென்ஸை நீட்டினால் நம் மக்கள் ஸ்டூடியோவில் நிற்பது போல் விறைத்து நிற்கின்றனர். சிறிய கருவியின் முன் அவர்கள் அவர்களாகவே இருக்கின்றனர்.

இனிக் குறைகளுக்கு வருவோம். விளம்பரம் இவற்றைக் கூறாது.

முதற்குறை, மாற்ற இயலாத லென்ஸ். நம் தொழில் மொழியிலே சொல்வதாயின், லென்ஸ் மாற்றும் காமிரா சரக்கு வண்டி போன்றது. வேண்டிய பெட்டியைக் கோத்துக்கொள்ளலாம். சிறிய காமிராவோ பெட்டிகளைக் கழற்ற முடியாதபடி இணைத்துவிட்ட பயணி வண்டி. உள்ள இருக்கைகளுக்குள் அடங்கிக்கொள்ள வேண்டும். பறவைக் கூட்டையோ, மைதானத்தின் மறுகோடியில் பந்தடிக்கும் பிள்ளையையோ இதனால் எட்டிப் பிடிக்க இயலாது. பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்த காட்டுயிர்ப் படக் கலைஞர் த.நா.அ. பெருமாள் அவர்களின் வழியிலே செல்ல விரும்பும் இளைஞருக்கு இக்கருவி ஏற்றதன்று.

"ஜூம் உள்ளதை வாங்கினால் என்ன?" என்பீர்கள். அங்கும் விலை கொடுத்தே ஆக வேண்டும்; ஒளியால் கொடுக்க வேண்டும். ஆர்.எக்ஸ்.100இன் முதல் வகையில், அகன்ற கோணத்தில் லென்ஸின் திறப்பு எஃப் 1.8, முழுவதும் இழுத்தால் எஃப் 4.9. கணக்கிட்டால், உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காய்க் குறைகின்றது. பகலில் இது தெரியாது. விளக்கு வைத்த பின் தெரியும்.

இரண்டாம் குறை தூசி. லென்ஸ் உள்ளே புகுந்தும் வெளியே நீண்டும் இயங்கும் கருவிகள் ஒவ்வொரு முறையும் காற்றை உறிஞ்சுகின்றன. நம் ஊர்க் காற்று எத்தகையது? சயனைடு மேடுகளிலிருந்து கோடைக் காற்றில் பறந்து வரும் நுண்பொடி, மூடிய அலமாரிக்குள்ளும் படிவதை நம் தாய்மார் அறிவர். லென்ஸ் கழலும் காமிராவானால் கழற்றித் துடைக்கலாம். இதிலோ உணரிமேல் ஒரு துகள் அமர்ந்தால், வானத்தைப் படமெடுக்கும்தோறும் அதே இடத்தில் கறை நிற்கும். கருவியைப் பிரித்தே நீக்க வேண்டும். அதற்குப் பெங்களூருக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாம் குறை, பார்க்கும் வழி. ஜி.ஆர். வரிசையில் கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம் உள்ளமைப்பாக இல்லை. உச்சி வெயிலில் பின்புறத் திரை கண்ணுக்குப் புலப்படுவது அரிது. எக்ஸ்100இல் நல்ல சாளரம் உண்டு. ஆனால் 2024இல் வந்த எக்ஸ்100 ஆறாம் வகை 521 கிராம் எடையுள்ளது. அது சட்டைப் பையில் அடங்காது, தோளில் தொங்கும்.

நான்காம் குறை பாட்டரி. உடல் சிறுத்தால் பாட்டரியும் சிறுக்கும். ஜி.ஆர். 3இன் ஒரு பாட்டரி ஏறத்தாழ 200 படங்களுக்கே என்பது உற்பத்தியாளரே தரும் கணக்கு. திருவிழாவுக்குச் செல்வோர் இரண்டாவது பாட்டரியின்றிச் செல்லற்க.

ஐந்தாம் குறை விலையும் ஆயுளும். ஜி.ஆர். 3, 2019இல் 899 டாலருக்கு வெளிவந்தது. எக்ஸ்100 ஆறாம் வகை 2024இல் 1,599 டாலருக்கு. அதற்கு முந்தைய வகை சமூக ஊடகப் புகழால் தட்டுப்பாடாகி, பழைய கருவி புதியதன் விலையைத் தாண்டி விற்ற வேடிக்கையும் நடந்தது. நகைக்கடையில் நிற்பவரைப் போல மயங்கி நிற்காமல் ஒன்றை எண்ணுக: லென்ஸும் உணரியும் ஒரே உடலில் பிணைந்திருப்பதால், ஒன்று கெட்டால் மற்றதும் பயனற்றுப் போகும். கையால் இயங்கும் பழைய 'ரோலை 35' இன்றும் பழுது பார்க்கப்பட்டு ஓடுகின்றது. மின்னணுச் சுற்றுகள் நிறைந்த 'கான்டாக்ஸ் டி2' நின்றுவிட்டால் உதிரி உறுப்புக் கிடைப்பது அரிது. இன்றைய கருவிகள் யாவும் பின்னதன் இனமே.

இத்துணைக் குறைகளையும் கூறிய பின், ஒரு மனக்குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுவோம். அது மெகாபிக்சல் மயக்கம். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில், அங்குலத்துக்கு 250 புள்ளிகள் வைத்துத் தெளிவான படம் அச்சிட, இரண்டாயிரத்தை மூவாயிரத்தால் பெருக்குக; அறுபது லட்சம் புள்ளிகள், அதாவது ஆறு மெகாபிக்சல் போதும். இந்த மலரின் முழுப் பக்கத்துக்கும் அதுவே போதும். பின் 24உம் 40உம் எதற்கு? மாற்ற முடியாத லென்ஸின் குறையை ஓரளவு ஈடு செய்வதற்கு. 24 மெகாபிக்சல் உள்ள ஜி.ஆர். 3இன் 28 மில்லிமீட்டர்ப் பார்வையை 50 மில்லிமீட்டர்ப் பார்வைக்கு வெட்டிச் சுருக்கினாலும் ஏழுக்குக் குறையாமல் எஞ்சும். ஆகவே பெரிய எண் வீணன்று. ஆனால் எண்ணுக்காக மட்டும் பணத்தைக் கொட்டுவது வீண்.

அவ்வாறாயின் யாருக்கு எது தகும்? லைன் வீட்டின் சிற்றறைக்குள் குடும்பம் முழுவதையும் அடக்க வேண்டுமானால் 28 மில்லிமீட்டர்ப் பார்வை உதவும். ஆனால் அதே லென்ஸோடு ஒரு பாட்டியின் முகத்தருகே சென்றால் மூக்குப் பெருத்துக் காதுகள் பின்வாங்கும். முகங்களே நோக்கமானால், எக்ஸ்100இன் 35 மில்லிமீட்டர்ப் பார்வையோ, 2021இல் வந்த ஜி.ஆர். 3 எக்ஸ் தரும் 40 மில்லிமீட்டர்ப் பார்வையோ நன்று. பயணமும் விழாவும் கலந்து எடுப்பவர் ஜூம் உள்ளதைக் கொள்க. பறவை, பந்தாட்டம், மேடைக்குத் தொலைவிலிருந்து எடுக்கும் படம் ஆகியவற்றை விரும்புவோர் இவ்வகையை விட்டு, லென்ஸ் மாற்றும் காமிராவையே நாடுக. "எதை எடுப்பேன் என்று இன்னும் தெரியாது" என்பவர் தம் செல்பேசியோடு ஓராண்டு பழகுக. அவருக்கு அதனினும் நல்ல ஆசான் இல்லை.

சுருங்கச் சொன்னால், சிறிய காமிராவின் பெருமை உடன் வருவது. அதன் எல்லை, தன்னிடம் இல்லாததைச் சேர்த்துக்கொள்ள முடியாமை. ஆகவே, தான் எதைப் பார்க்கப் போகின்றோம் என்று தெளிந்தவனுக்கே அது ஏற்ற கருவி.

இனிச் சங்கத்தின் வழக்குக்கு வருவோம். தங்கவயலைப் பொறுத்தவரை, எதைப் பார்க்க வேண்டும் என்பதில் ஐயம் உண்டோ? ஆழத்தில் இறங்கி மீண்ட முதியோரின் முகங்களும் கைகளும்; அவர்கள் வாழ்ந்த வீடுகளின் உட்புறம்; விடியல் வண்டியில் செல்லும் அவர்தம் பேரப்பிள்ளைகள். இம்மூன்றும் மங்கலான ஒளியில், அருகிலிருந்து, ஆரவாரமின்றி எடுக்க வேண்டிய படங்கள். மூன்றுக்கும் சிறிய காமிரா பொருந்தும் என்பதே நம் கருத்து. எனவே இளைஞர்களின் வேண்டுகோளை ஆதரிக்கின்றோம். ஆனால் நான்கு நிபந்தனைகளோடு.

ஒன்று: புத்தம் புதிய வகை வேண்டா. முந்தைய வகையில், நன்கு பேணப்பட்ட பழைய கருவியொன்றைப் பார்த்து, வெள்ளைச் சுவரை ஒருமுறை படமெடுத்து உணரியில் கறையில்லை என உறுதி செய்து வாங்குக. மீதமாகும் தொகை, பெரியோர் கூறியவாறு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கே செல்க.

இரண்டு: வாங்குவதற்கு முன்பே முதியோர் பட்டியல் ஒன்றை எழுதுக. பெயர், பணிபுரிந்த சுரங்கம், வேலையின் வகை ஆகியவை படத்தோடு குறிக்கப்படுதல் வேண்டும். பெயரில்லாத முகம் ஐம்பதாண்டுக்குப் பின் யாருடைய முகமோ ஆகிவிடும். அவரவர் இசைவு பெற்றே படமெடுத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்று: எடுத்த படத்தை அச்சிடுக. ஒவ்வொரு முதியவர்க்கும் ஒரு படி, சங்க நூலகத்துக்கு ஒரு படி. கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி இரண்டு வீடுகளில் வைத்திடுக. செல்பேசியில் பத்தாயிரம் படம் வைத்திருப்பவர், அது தவறி விழுந்த அன்று ஒன்றுமில்லாதவர் ஆகின்றார்.

நான்கு: இதனை இரயில்வே ஊழியராகவே சொல்லுகின்றோம். ஓடும் வண்டியின் வாயிற்படியிலோ, நடைமேடையின் விளிம்பிலோ, தண்டவாளத்திலோ நின்று எந்தப் படமும் எடுக்கலாகாது. மூடிய சுரங்கங்களின் வேலியைத் தாண்டவும் கூடாது. அக்குழிகள் நம் முன்னோரில் போதிய பேரைக் கொண்டுவிட்டன. ஒரு படத்திற்காக இன்னொருவரைக் கொடுக்க வேண்டா.

அன்பர்களே! பூமிக்கடியில் இருளில் வேலை செய்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் வெட்டியெடுத்த பொன் எங்கெங்கோ போய்விட்டது. அவர்கள் முகமேனும் நம்மிடம் தங்கட்டும். அதற்கு வேண்டிய ஒளி சிறிதே, கருவியும் சிறிதே. வேண்டிய காலம் மட்டும் நம் கையில் இல்லை. வரும் ஞாயிறன்றே, கையிலுள்ள செல்பேசியைக் கொண்டாவது முதற்படத்தை எடுத்துவிடுக. காமிரா பின்னால் வந்து சேரட்டும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!